உப்புமா செய்து ஜெயித்தவர்: கேட்டரிங் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

கேள்வியை முதலில் இங்கே எடுத்து வைக்கிறேன். "ஃபிளாய்ட் கார்டோஸ் என்ற நம் நாட்டு செஃப் அமெரிக்க டிவி போட்டியில் உப்புமா செய்து ஒரு லட்சம் டாலர் ஜெயித்தாராமே, அது அதிர்ஷ்டம்தானே? அவரும் என்னைப் போல பயோகெமிஸ்ட்ரி படித்தவராம். நானும் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு கேட்டரிங் போகலாம் என்றிருக்கிறேன். செஃப், ஹோட்டல் முதலாளி, புத்தகம் எழுதுகிறவர், மூன்றுமாக ஒரே ஆள் ஆக முடியுமா?" பார்வைக்கு இது உப்புமாவைப் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். கைமணம் இருந்தால் போதுமா, மிச்சமெல்லாம் தானாக வந்து சேருமா என்றுதான் தம்பி கேட்கிறார். "மூணு வருஷம் படிச்சதை விட்டுட்டு கரண்டி பிடிக்கப் போறியா" என்று வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்றும் தோன்றுகிறது. அது என் ஊகம்தான்.

பதில் சொல்பவன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கேட்டரிங் டிப்ளமோ முடித்து 1999இல் சென்னையில் ஒரு ஹோட்டலில் கமியாகச் சேர்ந்தேன். கமி என்றால் கிச்சனில் கடைசிப் படி. முதல் மாதச் சம்பளம் 2,800 ரூபாய். முதல் ஏழு மாதம் என் கை தொட்டதெல்லாம் வெங்காயம், பூண்டு, எலும்பு, டேக்சா. பிறகு ஆறு வருடம் கப்பல். இப்போது கோவையில் ஒரு ஹோட்டலின் கிச்சனைப் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் சொந்தமாக ஒரு ரெஸ்டாரண்ட் வைத்து மூடியும் இருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வரும். நியூயார்க் கிச்சனில் நான் நின்றதில்லை. அதனால் கார்டோஸ் விஷயத்தில் ஆண்டு, இடம், பெயர் என்று நான் சொல்பவை வெளியில் பதிவானவை, உறுதியானவை. அது ஏன் அப்படி நடந்தது என்று பேசும்போது என் கணிப்பு என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் கலந்து படித்துவிடாதீர்கள்.

பணத்தை முதலில் முடித்துவிடலாம். 'டாப் செஃப் மாஸ்டர்ஸ்' போட்டியின் மூன்றாவது சீசனில், 2011இல், கார்டோஸ் ஜெயித்தது உண்மை. பரிசு ஒரு லட்சம் டாலர் என்பதும் உண்மை. ஆனால் அது ஏற்கெனவே பெயர் எடுத்த செஃப்கள் மட்டும் மோதும் போட்டி, பரிசு அவரவர் சொல்லும் நற்பணிக்குத்தான் போகும். கார்டோஸின் அப்பா புற்றுநோயில் இறந்தவர். அந்தப் பணம் இளம் விஞ்ஞானிகளின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான ஒரு நிதிக்குப் போனது. இவர் சட்டைப்பைக்கு ஒரு டாலரும் வரவில்லை. அப்போது அவருக்கு வயது 50. அதிர்ஷ்டம் என்றால் ரொம்ப நாள் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்த அதிர்ஷ்டம்.

1960இல் பம்பாயில் பிறந்தவர், குடும்பத்தின் வேர் கோவாவில். உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தவரை, ஒரு ஹோட்டலுக்குள் நடக்கும் ஆங்கில நாவல் ஒன்று இந்தப் பக்கம் திருப்பியது. பம்பாயில் ஹோட்டல் மேனேஜ்மென்ட், அப்புறம் சுவிட்சர்லாந்தில் லே ரோஷ் ஹோட்டல் பள்ளி, அங்கிருந்து நியூயார்க். உங்கள் பாடம் வீண் போகுமா என்ற பயம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் மஞ்சளும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. அதனால்தான் பொடியை எண்ணெயில் ஒரு நொடி காட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் குழம்பு மின்னுகிறது, தண்ணீரில் நேராகப் போட்டால் மண் நிறத்தில் கிடக்கிறது. இதை நான் கற்றது திட்டு வாங்கி. ஏன் என்று எனக்குத் தெரிந்தது பத்து வருடம் கழித்து. உங்களுக்கு அந்த 'ஏன்' முதல் நாளே தெரியும். அதற்காக வெங்காயம் வேகமாக நறுக்க வந்துவிடாது, அது தனி.

நியூயார்க்கில் முதலில் ஓர் இந்திய உணவகத்தில் வேலை பார்த்தார். பிறகு லெஸ்பினாஸ். செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலுக்குள் இருந்த பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் அது. அதன் செஃப் கிரே கூன்ஸ், சிங்கப்பூரில் பிறந்த சுவிஸ்காரர். பிரெஞ்சு சாஸுக்குள் ஆசிய மசாலாவை அளவறிந்து நுழைத்தவர் என்று அந்த ஊரில் அவருக்குப் பெயர். கார்டோஸ் அங்கே கீழ்ப்படியில் நுழைந்து, ஏறக்குறைய 5 வருடம் இருந்து, எக்ஸிக்யூட்டிவ் சூ செஃப் வரை போனார். சூ செஃப் என்றால் பெரிய செஃபுக்கு அடுத்த ஆள். பெரிய செஃப் கையெழுத்துப் போடுவார், சூ செஃப்தான் கிச்சனை ஓட்டுவார். டிவியில் யாரும் காட்டாத வருடங்கள் இவை. ஒரு மசாலாவைப் பிரெஞ்சு கிச்சன்காரன் எப்படிப் பார்க்கிறான், எவ்வளவு போட்டால் முகம் சுளிக்கிறான், எப்போது இன்னொரு கரண்டி கேட்கிறான் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். பின்னால் வந்தது எல்லாவற்றுக்கும் இதுதான் அஸ்திவாரம் என்பது என் கணிப்பு.

கூன்ஸ் பெயரில் ஒரு ஸ்பூன் உண்டு. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். குழிவு ஆழம், காம்பு குட்டை, இரண்டரை டேபிள்ஸ்பூன் பிடிக்கும். கப்பலில் கூட வேலை பார்த்த ஒருவர் இறங்கும்போது எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார், இன்றைக்கும் என் செஃப் கோட்டின் கையில் தைத்த பையில் அதுதான் இருக்கிறது. சாஸ் ஊற்ற, மீன் மேல் வெண்ணெய் அள்ளி அள்ளி விட, ருசி பார்க்க எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பூன். நம் ஊர் மாஸ்டர்கள் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். தட்டு வெளியே போகும் முன் ஒவ்வொரு முறையும் பார்ப்பது என்ற ஒழுக்கம் இருக்கிறதே, அது ஒரு வருடத்தில் வராது.

1998 டிசம்பரில், கார்டோஸ் செஃபாக இருக்க, 'தப்லா' என்ற உணவகம் திறந்தது. மேடிசன் சதுக்கப் பூங்காவுக்கு எதிரே, பெரிய கட்டடத்தில், இரண்டு தளம். முதலாளி டேனி மேயர், நியூயார்க்கில் ரெஸ்டாரண்ட் நடத்துவதில் பெரிய கை. மேலே விலை கூடிய சாப்பாட்டுக் கூடம், கீழே 'பிரெட் பார்', அங்கே நாண், ரொட்டி வகைகள், சாதாரண விலை. அடுத்த வருடமே 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ரூத் ரைஷல் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். இந்தியச் சுவையில் நிற்கும் ஓர் உணவகத்துக்கு அந்தப் பத்திரிகையில் மூன்று நட்சத்திரம் என்பது அப்போது சின்ன விஷயம் இல்லை.

அவர் என்ன வித்தியாசமாகச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, வெளிநாட்டில் இந்தியச் சமையல் வழக்கமாக எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும். கப்பலில் எங்கள் இந்தியன் செக்‌ஷனில் காலையில் மூன்று கிரேவி போடுவோம்: பிரவுன், ஒயிட், மக்கனி. மத்தியானம் ஆர்டர் வந்தால் அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, கோழி போட்டால் ஒரு பெயர், பனீர் போட்டால் இன்னொரு பெயர். இருபது அயிட்டம் மெனுவில் இருக்கும், நாக்குக்குத் தெரிவது மூன்றுதான். குறை சொல்லவில்லை, அவசரத்துக்கு அதுதான் வழி. கார்டோஸ் கிரேவியைத் தள்ளி வைத்தார். அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும் மீன், நண்டு, காய் இவற்றை எடுத்து, பிரெஞ்சு முறையில் வேகவைத்து, மசாலாவை உப்பு போலப் பயன்படுத்தினார். நண்டு கேக், அதாவது நண்டுச் சதையில் தட்டும் கட்லெட், அமெரிக்கர்களின் வீட்டுச் சாப்பாடு. அதையே கோவா மசாலாவோடு, அப்பளம், புளிச் சட்னி வைத்துக் கொடுத்தார். அவருடைய பெயர் பெற்ற தட்டுகளில் அது ஒன்று. சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்த பண்டம், தெரியாத ருசி. இதைச் சொல்வது சுலபம். செய்து பார்த்தால் பத்தில் எட்டு விகாரமாக வரும், நானே பலமுறை கெடுத்திருக்கிறேன்.

சரி, அவ்வளவு நல்ல ரெஸ்டாரண்ட் என்ன ஆயிற்று? 2010 டிசம்பர் கடைசியில் மூடினார்கள். டேனி மேயர் தன் முதல் உணவகத்தை 1985இல் தொடங்கியவர். 25 வருடத்தில் அவர் மூடிய முதல் கடை தப்லாதான். இதில் நடந்தது உறுதி. காரணம் பற்றி என் கணிப்பு: இடம் மிகப் பெரியது, 2008க்குப் பின் வந்த மந்தத்தில் கம்பெனிக் காசில் சாப்பிட வருகிற கூட்டம் சுருங்கியது, இந்தியச் சுவையில் அந்த விலைக்கு வாரம் ஒருமுறை வரக்கூடிய ஆட்கள் அத்தனை நாற்காலிக்கும் தேறவில்லை. சமையல் கெட்டு மூடியதாகத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடம் ஓடிய கடை அது.

இங்கேதான் என் கதை. 2013இல் கோவையில் ஒரு உறவினரோடு சேர்ந்து 40 இருக்கை ரெஸ்டாரண்ட் போட்டேன். மெனு கார்டில் 84 அயிட்டம். அடுப்பு மூன்று. ஒரு சனிக்கிழமை ராத்திரி 11 கேஓடி (கிச்சனுக்கு வரும் ஆர்டர் சீட்டு) வரிசையாகச் செருகி நிற்கிறது, அதில் எட்டுத் தட்டு வெவ்வேறு கடாய் கேட்கிறது. கடாய் கழுவும் பையன் அழுதேவிட்டான். மீன் குழம்பு பிரமாதம் என்று சொல்லாத ஆள் இல்லை. பிரமாதம் என்றவர்கள் மாதம் ஒருமுறை வந்தார்கள். வாடகை தவறாமல் ஒவ்வொரு 5ஆம் தேதியும் வந்தது. 19 மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு, இரண்டு ஃபிரீசரைப் பாதி விலைக்கு விற்றேன். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 ரூபாய்க்கு விற்கும் தட்டில் சரக்குச் செலவு 30 முதல் 35 ரூபாய்க்குள் நிற்க வேண்டும். எனக்கு 43. வாடகை 10, மிஞ்சினால் 15. எனக்கு 24. இரண்டும் சேர்ந்தே 67 ஆகிவிட்டது. ஆள் சம்பளம், கேஸ், கரண்ட், உடையும் தட்டு எல்லாம் மிச்சம் 33க்குள் அடங்கவே அடங்காது. இந்த விகிதங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் பொதுக் கணக்கு, ஊருக்கும் கடைக்கும் கொஞ்சம் மாறும். இன்றைக்கு டெலிவரி ஆப்புக்குக் கொடுக்கும் கமிஷன் வேறு சேர்ந்திருக்கிறது. கைமணம் இந்தக் கணக்கில் எந்த வரியிலும் வராது. கூட்டத்தைக் கதவு வரை கொண்டுவருவதோடு அதன் வேலை முடிந்தது.

இனி உப்புமா. தப்லா மூடி ஆறு மாதத்துக்குள் அந்த இறுதிப் போட்டி ஒளிபரப்பானது. கையில் கடை இல்லாத செஃப் ஜெயிக்கிறார் என்பதுதான் பார்த்தவர்களுக்குத் தெரிந்த நிலைமை. அவர் கொடுத்த தட்டுகளில் ஒன்று காட்டுக் காளான் போட்ட உப்புமா. தேங்காய்ப்பாலும் கோகமும் சேர்ந்தது. கோகம் என்பது கோவா, கொங்கணப் பக்கத்துப் புளிப்பு, நம் குடம்புளிக்குச் சொந்தக்காரன். அதற்கு அவர் 'உப்புமா பொலெண்டா' என்று பெயர் வைத்தார். பொலெண்டா என்பது இத்தாலிக்காரர்கள் சோள ரவையில் கிண்டும் களி. நடுவர்களுக்குப் பொலெண்டா தெரியும், காளான் அதற்குத் தோதான ஜோடி என்பதும் தெரியும். தெரிந்த பாத்திரத்தில் தெரியாத ருசியை ஊற்றினார். நண்டு கேக்கில் பத்து வருடத்துக்கு மேல் செய்து பழகிய அதே வித்தை. அதனால்தான் அதிர்ஷ்டம் என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை.

நம் வீடுகளில் உப்புமாவுக்கு இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் உப்புமா என்றால் பாதிப் பேர் பன் வாங்கப் போய்விடுவார்கள். குற்றம் ரவையில் இல்லை. ரவையைச் சிறு தீயில், நிறம் மாறாமல், வாசம் மட்டும் ஏறும்வரை வறுக்க வேண்டும். கடாயை ஆட்டினால் மணல் போலச் சலசலவென்று ஓடுகிறதா என்று காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். நாம் ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்து உதிரியாகக் கிண்டுகிறோம். பொலெண்டா பதத்துக்கு வேண்டுமானால் நாலுக்குக் குறையாமல் போக வேண்டும். கொதிநீரில் ரவையை மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே துடுப்பால் கிளற வேண்டும், தேங்காய்ப்பால் அடுப்பை இறக்கும் நேரத்தில். காளானைத் தனியாக, அகலமான கடாயில், புகை வரும் சூட்டில், நெருக்காமல் பரப்பி வதக்கி, உப்பைக் கடைசியில் போட வேண்டும். முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். இது அவருடைய செய்முறை என்று சொல்லவில்லை. அந்தத் தட்டை என் கிச்சனில் செய்ய முயன்றபோது எனக்கு ஒத்துவந்த வழி. புளிப்புதான் சிரமம். கோகம் ஒரு இழை கூடினாலும் தேங்காய்ப்பாலின் இனிப்பு காணாமல் போய்விடுகிறது. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

போட்டிக்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2012இல் மேயரோடு சேர்ந்து நார்த் எண்ட் கிரில், அது அமெரிக்கச் சாப்பாடு. பிறகு சோஹோ பகுதியில் 2016இல் 'பாவ்வாலா'. ரொட்டி அடுப்பை நடுவில் வைத்த இந்திய உணவகம். 2018இல் அதையே 'பாம்பே பிரெட் பார்' என்று பெயர் மாற்றி, விலையையும் தோரணையையும் இறக்கிப் பார்த்தார். 2019இல் மூடினார். தேசிய அளவில் டிவி வெற்றி, பத்திரிகைப் பாராட்டு, எல்லாம் இருந்தும் நியூயார்க் வாடகைக்கு முன்னால் ஒரு நல்ல கடை நிற்க முடியவில்லை.

மும்பையில் கதை வேறு. 2015இல் லோயர் பரேலில் 'பாம்பே கேன்டீன்' திறந்தது. இதில் அவர் தனி முதலாளி இல்லை என்பதைக் கவனியுங்கள். சமீர் சேத், யஷ் பானகே என்று இரண்டு கூட்டாளிகள் வியாபாரத்தைப் பார்த்தார்கள். கிச்சனில் தினமும் நின்றவர் தாமஸ் ஜக்கரியாஸ் என்ற கேரளத்து செஃப். கார்டோஸ் சமையலுக்குத் திசை காட்டுகிறவராக வந்து போனார். இந்திய மாநிலங்களின் பருவத்துக் காய்கறி, ஊர்ச் சாப்பாடு, இவற்றைப் பெருமையாகத் தட்டில் வைப்பது என்பது கொள்கை. அங்கே 'எக்ஸ் கேஜ்ரிவால்' (Eggs Kejriwal) என்று ஒரு முட்டை ரொட்டி உண்டு. அரசியல் எதுவும் இல்லை, மும்பை வில்லிங்டன் கிளப்பில் ஒரு உறுப்பினர் வழக்கமாகக் கேட்டு வாங்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ரொட்டி, சீஸ், பச்சை மிளகாய், மேலே பொரித்த முட்டை, அவ்வளவுதான். 2017இல் கோவா, போர்த்துகீசியச் சாப்பாட்டுக்கு 'ஓ பெட்ரோ', 2020இல் பைகுல்லாவில் 'பாம்பே ஸ்வீட் ஷாப்'. ஆக, மூன்று வேலையும் ஒரே ஆள் ஆக முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு அவர் வாழ்க்கையே சொல்லும் பதில்: முடியும், ஆனால் ஒரே நேரத்தில் ஒரே தலையில் இல்லை. செஃப் ஆவதற்குப் பத்து வருடம் அடுத்தவன் கிச்சனில். முதலாளி வேலையில் பாதியை எப்போதும் வேறு யாராவது தூக்கினார்கள். நான் கோவையில் சமையல், பர்ச்சேஸ், கல்லா மூன்றையும் நானே பார்த்தேன். உறவினர் பணம் போட்டார், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து சாப்பிட்டார்.

எழுத்துக்கு வருகிறேன். அவர் இரண்டு சமையல் புத்தகம் எழுதினார். 'ஒன் ஸ்பைஸ், டூ ஸ்பைஸ்' 2006இல், 'ஃபிளேவர்வாலா' 2016இல். முதல் புத்தகம் தப்லா திறந்து எட்டு வருடம் கழித்து வந்தது, அதிலும் கூடவே எழுதத் தெரிந்த ஒருவர் இருந்தார். வெளிநாட்டுச் செஃப் புத்தகங்களில் இது வழக்கம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. செஃபின் வேலை வாக்கியம் கட்டுவதைவிடக் கண்ணளவை அளவாக மாற்றுவது. அது நினைப்பதைவிடக் கஷ்டம். எங்கள் தோசை மாஸ்டரிடம் மாவுக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு கை" என்றார். தராசை வைத்து, அவர் அள்ளிப் போடுவதைப் பத்து நாள் எடை பார்த்தேன். பத்து நாளும் 41 கிராமுக்கும் 44 கிராமுக்கும் நடுவில். மனுஷன் கையே தராசு. ஆனால் அந்தக் கையை இன்னொரு வீட்டுக்குத் தபாலில் அனுப்ப முடியாது, கிராமில் எழுதினால்தான் போகும். இன்னொரு சிக்கல், 50 பேருக்கான சாம்பாரை 4 பேருக்கு என்று வெறுமனே வகுத்தால் வராது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வேகமாக வற்றும், புளி தூக்கலாகும், தாளிப்பு எண்ணெய் போதாமல் போகும். ஹோட்டல் செஃப் வீட்டுக்கு எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் வீட்டு அடுப்பில் மறுபடி செய்து பார்த்தே ஆக வேண்டும். பத்திரிகையில் ஹோட்டல் விமர்சனம் எழுதுவது, உணவு வரலாறு எழுதுவது எல்லாம் முற்றிலும் வேறு தொழில். அதற்குக் கேட்டரிங் படிப்பு கட்டாயமே இல்லை, அதைப் பற்றி ஆலோசனை சொல்ல எனக்கு அனுபவமும் இல்லை.

2020 மார்ச் 8 அன்று மும்பையிலிருந்து அமெரிக்கா திரும்பினார் கார்டோஸ். மார்ச் 25 அன்று நியூ ஜெர்சியில் கொரோனாவில் இறந்தார், வயது 59. இந்தியாவில் ஊரடங்கின் முதல் நாள் அது. அவருடைய பழைய செஃப் கிரே கூன்ஸும் அதே மாதத்தில்தான், மூன்று வாரத்துக்கு முன்னால், காலமாகியிருந்தார். எங்கள் ஹோட்டலில் அன்று கடைசி கேஸை அணைத்துவிட்டு நாங்கள் நாலு பேர் பின்பக்கம் சரக்கு இறக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஃபோனில் செய்தி வந்தது. எப்போது திரும்ப அடுப்பைப் பற்றவைப்போம் என்று யாருக்கும் தெரியாது. அவர் பெயரிலான மசாலாப் பொடிகளை அதன் பிறகு அவர் மனைவி பர்கா வெளியே கொண்டுவந்தார்.

இனி உங்கள் விஷயம். உங்கள் கை எப்படி, வீட்டில் பண நிலைமை எப்படி என்பது தெரியாமல் போ என்றோ போகாதே என்றோ சொல்ல மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது. டிகிரி முடித்த பிறகு மறுபடி மூன்று வருட ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டத்துக்கு உட்கார வேண்டும் என்ற அவசியம் இல்லை. சமையல்தான் குறி என்றால் தரமணியில் இருப்பது போன்ற அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனங்களில் ஒன்றரை வருட உணவுத் தயாரிப்புப் படிப்பு நடத்துகிறார்கள், நாங்கள் கிராஃப்ட் கோர்ஸ் என்போம். எக்ஸிக்யூட்டிவ் செஃப், வெளிநாடு என்று யோசித்தால் பட்டப் படிப்பு பின்னால் கைகொடுக்கும். அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. எதில் சேர்ந்தாலும் முதல் மூன்று வருடம் தீபாவளிக்கு வீட்டில் இருக்க மாட்டீர்கள். முப்பத்தைந்து வயதில் கால் நரம்பு புடைக்கும், எனக்குப் புடைத்திருக்கிறது. கல்யாணப் பேச்சு வரும்போது மாப்பிள்ளை சமையல்காரரா என்று ஒரு கேள்வி வரும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். செமஸ்டர் லீவில் ஒரு மாதம் உங்கள் ஊரில் கூட்டம் வருகிற ஏதாவது ஒரு மெஸ்ஸில் காலை 4 மணிக்குப் போய் நில்லுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். சமைக்க விட மாட்டார்கள், காய் நறுக்கவும் பாத்திரம் எடுத்துக் கொடுக்கவும் விடுவார்கள், அது போதும். மத்தியானம் பந்தி முடிந்து மூன்று மணிக்குக் கல்லாக்காரர் அன்றைய கணக்கைப் போடும்போது பக்கத்தில் உட்கார முடிந்தால் உட்காருங்கள். எத்தனை சாப்பாடு போயிற்று, அரிசி எத்தனை கிலோ வெந்தது, எவ்வளவு மிஞ்சிக் கொட்டினார்கள் என்று ஒரு நோட்டில் தினம் எழுதி வாருங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்க்க உங்களுக்கு ஆசையாக இருக்கிறதா, அலுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். கோவைப் பக்கம் என்றால் எனக்கு எழுதுங்கள், எங்கள் கிச்சனிலேயே ஒரு மாதம் நிறுத்திக்கொள்கிறேன். செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள். முன்பக்கம் மூடிய ஷூ, ரப்பர் அடிப்பாகம். தரையில் எப்போதும் எண்ணெய் இருக்கும்.